கேள்வித்தாளில் இல்லாத சிரிப்பு



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று என் ஆயாவைப் பற்றிப் பேசப் போகிறேன். கடலூர்ப் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். சிதம்பரத்துக்கு வடக்கே, வெள்ளாற்றங்கரைச் சேரி ஒன்றில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, ஏறத்தாழ தொண்ணூறு வயது வரை வாழ்ந்தவர். நடவுக்காரி. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் தொடங்கிய பள்ளி, ஆயா சிறுமியாக இருந்தபோதே நடந்துகொண்டிருந்தது. ஆயா போகவில்லை. வீட்டில் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அவர் தூக்கி வளர்த்த தம்பி பள்ளிக்குப் போனார்.

நான் சமூகவியல் முதுகலை படித்தபோது கள ஆய்வுக்காக எங்கள் ஊருக்கே போனேன். கையில் அச்சடித்த கேள்வித்தாள். நிலம் உண்டா? கூலி எவ்வளவு? எந்தத் தெருவில் செருப்புப் போடக்கூடாது? டீக்கடையில் தனிக் குவளையா? எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கியது? ஆயா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் தாளை மடித்து வைத்ததும் கேட்டார்: “இத மட்டும் எழுதிகிட்டுப் போனீன்னா, நான் பொறந்ததுலேருந்து அழுதுகிட்டே கெடந்தவன்னுல்ல நெனைப்பாங்க?”

பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். மழைக்காலத்து ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு வரப்பில் நண்டு பிடித்தது. டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து படம் பார்த்தது. அப்புறம் ஒரு நடவுப்பாட்டின் கதை. கூலி நெல் அளக்கும் காரியக்காரர் மரக்காலுக்குள் கட்டைவிரலை விட்டு அளப்பாராம். விரல் அளவுக்கு நெல் குறையும். பெண்கள் அந்த விரலையே பாட்டில் வைத்துவிட்டார்கள். வரப்பில் நின்ற அவர் காதிலும் விழுந்தது. அன்று சாயங்காலம் விரல் வெளியே இருந்ததாம். “மறுநாளு?” என்று கேட்டேன். “மறுநாளு உள்ள பூந்துடுச்சி. நாங்களும் மறுபடி பாடுனோம்” என்று சொல்லிவிட்டு, பொக்கை வாய் தெரிய இருமல் வரும்வரை சிரித்தார்.

இதில் ஒரு வரியைக்கூட நான் எழுதிக்கொள்ளவில்லை. கேள்வித்தாளில் அதற்கு இடமில்லை. எனக்கும் அது தரவு என்று தோன்றவில்லை. ஆயா போன பிறகு அந்தப் பாட்டைத் தேடினேன். கூட நடவு நட்டவர்களில் ஒருவரும் உயிரோடில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த விரல் மட்டும்தான்.

வேறொருவர் அந்தத் தவறைச் செய்யவில்லை. நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியை ஒட்டிய கிராமத்தில் வாழ்ந்தவர் வீரம்மா. கூலி விவசாயி, பிள்ளைப்பேறு பார்ப்பவர், பாட்டுக்காரர். பெற்ற பன்னிரண்டு பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர். ஜோசியான் ரசினும் ழான் லுக் ரசினும் அவர் சொன்ன வாழ்க்கையைப் பத்தாண்டுகள் கேட்டு நூலாக்கினார்கள். பிரெஞ்சு நூலின் துணைத்தலைப்பில் ‘அடிமைப்பட்டோரின் சிரிப்பு’ என்று பொருள்படும் சொற்கள் இருக்கின்றன. 1997இல் ஆங்கிலத்திலும் வந்தது. அட்டையில் முதல் பெயர் வீரம்மாவுடையது. கேட்டு எழுதியவர்கள் பெயர் அதற்குப் பிறகுதான். கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: “இப்படிப் பேசினால், ‘அவர்கள் அப்போது சந்தோஷமாகத்தானே இருந்தார்கள்’ என்று ஆண்டைகள் சொல்ல வசதியாகிவிடாதா?” நியாயமான பயம். வலியை எழுதி வைத்ததால்தான் நமக்குச் சட்டம் கிடைத்தது. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து நாடாளுமன்றம் போன எல்.இளையபெருமாள் தலைமையில் அமைந்த குழு, 1969இல் தந்த அறிக்கையில் தீண்டாமைக் கொடுமைகளை நாடு முழுவதும் திரட்டிக் காட்டியது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் அப்படிப்பட்ட பதிவுகளின் உழைப்பு இருக்கிறது. அந்தக் கேள்விகளை நாம் கைவிட முடியாது. இன்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆயாவின் சந்தோஷம் ஆண்டை கொடுத்ததல்ல. நண்டு பிடித்த ராத்திரி ஆண்டையின் வேலை நேரத்தில் இல்லை. அது உடம்பு ஓய்ந்த பிறகு, தூக்கத்தைக் குறைத்துத் தனக்காக எடுத்துக்கொண்ட நேரம். நடவுப்பாட்டு அவர் வேலை நேரத்துக்குள்ளேயே நுழைந்து அவரைக் கேலி செய்தது. அந்தச் சிரிப்பால் கூலி உயரவில்லை. அதைப் புரட்சி என்று நான் பெருக்கிச் சொல்லமாட்டேன். சங்கம் வைத்துக் கேட்டபோதுதான் உயர்ந்தது. ஆனால், தங்களை ஏமாற்றுவது எது என்று அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதை எல்லோர் முன்னாலும் சொல்லும் தைரியமும் இருந்தது. சங்கம் பேச வந்தவர்கள் விளக்குவதற்கு முன்பே அவர்கள் அதைப் பாடிவிட்டார்கள். சிரிப்பை விட்டுவிட்டு எழுதினால் இந்த அறிவும் விட்டுப்போகிறது. அடிவாங்கிய உடம்பு மட்டும்தான் தாளில் மிஞ்சுகிறது.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இந்த வாரம் வீட்டுக்குப் போனதும் ஆயாவிடம், அவர் இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஆயாவிடம், உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்ய அவருடைய சம்மதம் கேளுங்கள். பட்ட கஷ்டத்தைக் கேளுங்கள். கூடவே, கூட்டாளிகளோடு எதைச் சொல்லிச் சிரித்தீர்கள், என்ன பாடினீர்கள் என்றும் கேளுங்கள். பாடினால் குறுக்கே பேசாதீர்கள். ஊர், வயது, பாடிய இடம், எந்த வேலையின்போது பாடியது என்பதைக் குறித்து வையுங்கள். அச்சாகும்போது அவர் பெயரை மேலே போடுங்கள்.

என் ஆய்வேட்டில் ஆயாவுக்குப் பெயர் இல்லை, வெறும் வரிசை எண்தான். அதை இனி திருத்த முடியாது. உங்கள் ஆயா இருக்கிறார். நடவுப்பாட்டு தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கொஞ்சம் சீக்கிரம் போங்கள்.