பெயர் இல்லாத பொம்மைகள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

என் மகள் பள்ளிக் கண்காட்சிக்காக செல்போனில் பொம்மைப் படங்கள் தேடினாள். அதில் ஒரு பீங்கான் பொம்மை. எலுமிச்சம்பழம் விற்கிற பொம்பளை. செய்து 270 வருஷம் ஆகிறதாம்!

ஜெர்மனியில் மைசன் என்று ஒரு ஊர். முன்னே நல்ல பீங்கான் சீனாவில் இருந்தும் ஜப்பானில் இருந்தும்தான் ஐரோப்பாவுக்குப் போகும். அதைச் செய்யும் ரகசியம் தெரிந்ததும் அகஸ்டஸ் ராஜா 1710-ல் மைசனில் தொழிற்சாலை வைத்தார். அங்கே 1753 வாக்கில், பாரிஸ் தெருக்களில் கூவி விற்பவர்களைப் பொம்மையாகச் செய்தார்கள். மீன் விற்பவர், பழம் விற்பவர் என்று ஒரு வரிசையே உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம்கூட இருக்காது.

அதை யார் வாங்கினார்கள்? பெரிய பணக்காரர்கள். விருந்தில் இனிப்பு பரிமாறும்போது மேஜையில் அழகுக்கு வைப்பார்களாம். அதற்கு முன்னே சர்க்கரையில் செய்த பொம்மைகளை வைத்தார்களாம்.

பொம்மை நல்ல அழகு. சுத்தமான துணி, சிவந்த கன்னம். ஆனால் தெருத்தெருவாக அலைந்த களைப்பு முகத்தில் இல்லை. சுமந்தவளுக்குத்தானே தெரியும் கூடையின் கனம்!

இன்னொன்றும் மனசில் தைத்தது. படம் வரைந்தவர் பெயர் ஹுவே. பொம்மை செய்தவர்கள் கென்ட்லர், ரைனிக்கே. இதெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பொம்மைக்கு மட்டும் மீன்காரி, பழக்காரி என்று தொழில்தான் பெயர்.

எங்கம்மா முப்பது வருஷம் கீரை விற்றார். ஊருக்கே அவர் கீரைக்காரிதான். அம்மாவின் சொந்தப் பெயர் அச்சில் வந்தது என் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான்.

இந்த மலருக்கு உறுப்பினர் பட்டியல் எழுதும்போது சில பேர், "என் பேரு எதுக்கு, இன்னார் சம்சாரம்னு போடு" என்றீர்கள். வேண்டாம் அக்கா. உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பக்கத்தில் தொழிலையும் எழுதுவோம். நாளைக்கு நம்ம பேத்தி இந்தப் புத்தகத்தைத் திறந்தால், இது எங்க ஆயா பேரு என்று விரல் வைத்துக் காட்டட்டும்.