இசே நகரின் இரட்டை மனை

ஜப்பானுக்குச் செல்வோர் நிக்கோ நகரின் பொன்வேலைப்பாட்டையும் நாராவின் பெரிய புத்தரையும் கண்டு வியந்து திரும்புவர். அவ்வகை வியப்பை நாடி மியே மாநிலத்து இசே நகருக்குப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஜப்பானியர் மிக உயர்வாகப் போற்றும் ஷின்டோ ஆலயம் அங்கேதான் உள்ளது. ஆனால் அதன் மூலக்கோயிலை நான்கு வேலிகள் மறைத்து நிற்கின்றன. யாத்திரிகருக்குத் தெரிவது வேலிக்கு மேலெழும் புற்கூரையும் அதன் முகட்டுக் கட்டைகளுமே.

சூரிய தேவியாகிய அமத்தெராசுவின் உட்கோயிலும், உணவுத் தெய்வமாகிய தொயோஉகேயின் புறக்கோயிலும் அங்குத் தலையாயவை. சிறு கோயில்களையும் சேர்த்தால் மொத்தம் 125. புறக்கோயிலை முதலில் வழிபடுவதே மரபு. பின்னர் இசுசு ஆற்றின்மேல் அமைந்த உஜி மரப்பாலத்தைக் கடந்து, ஆற்றுநீரில் கை கழுவி, நெடிதுயர்ந்த மரங்களின் நிழலில் உட்கோயிலுக்கு நடக்க வேண்டும். எடோ காலத்தில், யாத்திரை வர இயலாதோர் தம் நாயின் கழுத்தில் காசு முடிந்து அனுப்பியதும் உண்டு. வழிப்போக்கர் அதற்கு உணவிட்டு வழிகாட்டினர். அந்த நாய்க்குக் கிடைத்த உபசாரம் இன்றைய பயணிக்குக் கிடைக்குமா என்பது ஐயமே!

கோயிலுக்குப் பக்கத்தில், அதே அளவில், கூழாங்கல் பரப்பிய வெற்று மனை ஒன்று உள்ளது. பலர் அதைப் பாராமலே கடந்து விடுகின்றனர். இசேயின் மறைபொருள் அதில்தான் அடங்கியுள்ளது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அம்மனையில் அதே வடிவில் புதுக்கோயில் எழும். தெய்வத்தை இரவில் அதனுள் எழுந்தருளச் செய்து, பழைய கோயிலைப் பிரித்து விடுவர். ஜித்தோ பேரரசியின் காலத்தில், 690-இல் தொடங்கிய வழக்கம் இது. அடித்தளக் கல்லின்றி மண்ணில் நேரே நட்ட தூண்கள் நெடுங்காலம் தாங்கா என்பது ஒரு காரணம். இளைஞனாய் உளி பிடித்துக் கொடுத்த தச்சன் அடுத்த முறை தானே தலைமை ஏற்பான் என்பது மற்றொன்று. கட்டடம் மட்டுமா? வாள், ஆடை முதலிய 1,576 திருப்பொருள்களையும் புதிதாகச் செய்கின்றனர்.

இவ்வழக்கம் இடையறாது வந்ததென எண்ணி விடாதீர்கள். உள்நாட்டுப் போர்களில் நாடு சிதறியபோது நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அது நின்றே போயிற்று. அதை மீட்டவர் மன்னரோ தளபதியோ அல்லர். செய்ஜுன் என்னும் பௌத்தத் துறவிப் பெண்மணி. வேற்றுச் சமயக் கோயிலுக்காக அவர் ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். 1563-இல் புறக்கோயில் எழுந்தது. அவர் மறைந்த பின், 1585-இல் உட்கோயிலும் எழுந்தது.

இன்னொரு சோதனை இருபதாம் நூற்றாண்டில் வந்தது. முறைப்படி 1949-இல் நடைபெற வேண்டிய புதுப்பணி, போரில் தோற்று வறுமையுற்ற நாட்டில் நடைபெறவில்லை. அரசின் பொருளுதவியும் நின்று விட்டிருந்தது. பாலத்தையேனும் புதுப்பிப்போம் என்று மக்கள் அவ்வாண்டே உஜி பாலத்தைப் புதிதாக அமைத்தனர். அவர்களுடைய நன்கொடையால் 1953-இல் கோயிலும் எழுந்தது. அன்று முதல் பாலம் முந்துவதும் நான்கு ஆண்டு கழித்துக் கோயில் தொடர்வதும் வழக்கமாகி விட்டன.

ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பத்தாயிரம் ஹினோக்கி மரங்கள் தேவைப்படுகின்றன. கோயில் காட்டில் பெருமரம் அருகியதால், பல தலைமுறைகளாகக் கிசோ மலைப்பகுதியிலிருந்து வரவழைத்தனர். 1923-இல், இருநூறு ஆண்டுத் திட்டம் வகுத்துக் கன்றுகள் நட்டனர். நட்ட கைகள் அம்மரங்களைத் தூணாகக் காணப் போவதில்லை. எனினும் 2013-இல் தேவையான மரத்தில் நான்கில் ஒரு பங்கு அளவு அக்காட்டிலிருந்தே கிடைத்தது. பிரித்த மரத்தையும் வீணாக்குவதில்லை. முகடு தாங்கிய தூண்கள் உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரீ என்னும் வாயில்களாகி, இருபது ஆண்டு கழித்து வேற்றூர்களுக்குச் செல்கின்றன.

வேலிக்குள்ளே புகுந்து கோயிலை அருகில் காண ஒரு வழி உண்டு. தெய்வம் குடியேறுமுன், ஊர் மக்களும் நாடெங்கிலுமிருந்து வந்தோரும் ஆற்றின் வெண்கற்களை வெள்ளைத் துணியில் ஏந்திச் சென்று புதுக்கோயிலைச் சுற்றிப் பரப்புகின்றனர். அடுத்த குடியேற்றம் 2033-இல். அதற்குரிய சடங்குகள் 2025-இலேயே தொடங்கி விட்டன.