ஒரு செகண்டு வெல்டிங், ஒரு நாள் முழுக்கக் குனிவு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதைப் படிக்க வசதியாகச் சற்றே சீர்செய்திருக்கிறோம்.)

இதை நீங்க ஆபீஸ் போற வழியில கேட்டுக்கிட்டு இருந்தா, போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிடம் தரையைப் பாருங்க. உங்க ஆபீஸ் இரும்பு பீம் வைத்துக் கட்டிய கட்டடமாக இருந்தால், நீங்க நிற்கிற டைல்ஸுக்குக் கீழே கான்கிரீட் இருக்கும். அந்தக் கான்கிரீட்டுக்குள்ளே கட்டைவிரல் தடிமனில், தலை வைத்த ஆணி மாதிரி, இரும்புக் குச்சிகள் வரிசையாக நின்றுகொண்டிருக்கலாம். அதற்குப் பெயர் ஸ்டட். அதை பீமில் பற்றவைக்கிற வேலைதான் ஸ்டட் வெல்டிங்.

இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வெல்டிங் பற்றி ஒரு எபிசோடா என்று ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஒரு கருவியை மேம்படுத்துவது என்றால் எதை மேம்படுத்துவது என்று எனக்கு முதலில் பாடம் எடுத்த வேலை இது.

வாட்ச்சோடு நின்ற கதை

படிப்பு முடித்து முதல் வேலை. ஒரு பெரிய கட்டடத்தின் சைட். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். தரக்கட்டுப்பாட்டில் டிரெய்னி. ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, "ஸ்டட் வேலை இழுத்துக்கிட்டே போகுது. புது மெஷின் வாங்கினா வேகம் வருமான்னு பார்த்துச் சொல்லு" என்றார்.

நானும் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு வெல்டர் பக்கத்தில் போய் நின்றேன். நாற்பத்தைந்து வயது இருக்கும் அந்த அண்ணனுக்கு. 19 மில்லிமீட்டர் ஸ்டட். மெஷினில் நேரம் 0.9 செகண்டு என்று வைத்திருந்தார்கள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் அன்றைக்கு அவர் அடித்தது 500 ஸ்டட்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 500-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 450 செகண்டு. அதாவது ஏழரை நிமிடம். எட்டு மணி நேர ஷிஃப்டில் உண்மையாக வெல்டிங் நடந்தது ஏழரை நிமிடம்தான்! மெஷினை இரண்டு மடங்கு வேகமாக்கினாலும் மிச்சமாகப்போவது நான்கு நிமிடம்கூட இல்லை.

அப்போ மீதி நேரம் எங்கே போனது? நான் முழித்துக்கொண்டிருந்தபோது அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், மெஷினுக்கு வாட்ச் புடிக்கிறீங்க. என் முதுகுக்கும் கொஞ்சம் புடிங்க."

எதற்கு இந்த ஸ்டட்?

இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வளைத்துப் பாருங்க. நுனியில் ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கும். அதே இரண்டையும் நாலைந்து இடத்தில் ஊசி குத்திப் பிணைத்துவிட்டால் வழுக்காது. இரண்டும் சேர்ந்து ஒரே தடிமனான ஸ்கேல் மாதிரி வேலை செய்யும், வளைப்பது கஷ்டம்.

கட்டடத்தில் கீழே இரும்பு பீம், மேலே கான்கிரீட் தளம். பாரம் ஏறும்போது இரண்டும் வழுக்கப் பார்க்கும். ஸ்டட்தான் அந்த ஊசி. அதன் தலை, கான்கிரீட் மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். இதனால் சின்ன பீமே பெரிய பாரத்தைத் தாங்குகிறது, இரும்பு மிச்சம். ஆனா ஸ்டட் சரியாக ஒட்டாமல் இருந்தால் இந்தக் கணக்கு முழுதும் பொய்யாகிவிடும். கான்கிரீட் போட்ட பிறகு திறந்து பார்க்கவும் முடியாது.

அந்த ஒரு செகண்டுக்குள்

இந்தக் கன் எங்கிருந்து வந்தது தெரியுமா? கலிபோர்னியாவில் மேர் ஐலண்ட் என்று ஒரு கடற்படைக் கப்பல் கட்டும் தளம். 1930களின் கடைசியில் அங்கே வேலை பார்த்த டெட் நெல்சன் என்பவர் உருவாக்கினார். கப்பலின் இரும்புத் தளத்தின்மேல் மரப்பலகை பதிக்க வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரும்பில் துளை போட வேண்டும். நெல்சனின் கன் வந்ததும் துளை தேவையில்லை, மேலே இருந்தே ஒரே அழுத்தில் வேலை முடிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் இது பரவியது. பிறகு பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் வந்தது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஸ்டட்டைக் கன்னின் வாயில் செருகி, பீமில் ஊன்றி, சுற்றிலும் ஒரு பீங்கான் வளையம் வைக்கிறோம். அதை ஃபெரூல் என்பார்கள். டிரிக்கரை அழுத்தினால் கன் ஸ்டட்டைச் சில மில்லிமீட்டர் மேலே தூக்கும். அந்த இடைவெளியில் ஆர்க் பிடிக்கும். ஸ்டட்டின் நுனியும் பீமின் மேற்பரப்பும் உருகும். உடனே உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஸ்டட்டை அந்த உருகிய குழம்புக்குள் அழுத்திவிடும். குழம்பு வெளியே சிந்தாமல் ஃபெரூல் பிடித்துக்கொள்ளும். 19 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு ஏறத்தாழ 1,600 ஆம்பியர் மின்சாரம் ஓடும். தெருமுனைப் பட்டறையில் கேட் செய்கிற வெல்டிங் மெஷின் 150, 200 ஆம்பியரில் ஓடுகிறது, ஒப்பிட்டுக்கொள்ளுங்க.

தரமும் முதுகும் ஒரே கணக்கு

நான் வாட்ச்சை மெஷினிலிருந்து ஆள் பக்கம் திருப்பினேன். ஒரு ஸ்டட்டுக்கு எத்தனை தடவை குனிகிறார்கள்? ஹெல்பர் ஃபெரூல் வைக்க ஒரு தடவை. வெல்டர் அடிக்க ஒரு தடவை. ஆறிய பிறகு சுத்தியலால் ஃபெரூலை உடைத்து எடுக்க ஒரு தடவை. 500 ஸ்டட்டுக்கு 1,500 குனிவு. இது எல்லாம் சரியாக நடந்த நாளின் கணக்கு.

ஒரு ஸ்டட் தப்பாகப் போனால் அதை வெட்டி, கிரைண்டரால் இடத்தைச் சமப்படுத்தி, மறுபடி அடித்து, மறுபடி சோதிக்க வேண்டும். அதாவது ஒரு மோசமான வெல்டிங்குக்கு நான்கைந்து குனிவு கூடுதல். ஆக, தரத்தைச் சரிசெய்வதே முதுகுக்குச் செய்கிற முதல் வைத்தியம். அதற்குப் புது மெஷின் தேவையில்லை. நாங்கள் மாற்றியது இவ்வளவுதான்:

ஒன்று, ஃபெரூலைக் காய வைத்தோம். பீங்கான் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் திறந்த பெட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்தால், காலையில் வெல்டிங்கில் ஓட்டை ஓட்டையாக வரும். ஈரமானதை 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் அவனில் வைத்து எடுக்க வேண்டும்.

இரண்டு, எர்த் கிளாம்ப். ஒரே பக்கம் எர்த் கொடுத்தால் காந்தப்புலம் ஆர்க்கை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். ஸ்டட்டைச் சுற்றி வரும் வெல்டிங் ஒரு பக்கம் தடிமனாக, மறுபக்கம் காலியாக இருக்கும். இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு, அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது.

மூன்று, கேபிள். எக்ஸ்ட்ராவாக நூறு அடி இருக்கட்டும் என்று சுருட்டிப் போட்டிருப்பார்கள். நீளமான கேபிளில் மின்சாரம் வலுவிழக்கும், சுருட்டினால் இன்னும் மோசம். மெஷினைக் கிட்டே கொண்டுபோய், கேபிளை நேராக விரிக்க வேண்டும்.

நான்கு, காலைச் சோதனை. அமெரிக்காவின் டி1.1 என்ற வெல்டிங் விதி சொல்வது: ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் முதல் இரண்டு ஸ்டட்டை அடித்து, சுற்றிலும் 360 டிகிரி வெல்டிங் வந்திருக்கிறதா பார்த்து, 30 டிகிரி வளைத்துப் பார். விரிசல் வந்தால் வேலையைத் தொடங்காதே, செட்டிங்கைச் சரிசெய்து மறுபடி இரண்டு அடி.

எங்கள் சைட்டில் இந்தச் சோதனை நோட்டில் மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது. வளைக்காமலே "ஓகே" என்று எழுதிவிடுவார்கள். ஒரு மழை நாள் காலையில் நான் வம்படியாக வளைக்கச் சொன்னேன். சுத்தியல் பட்டதும் முதல் ஸ்டட் பொட்டென்று கழன்று உருண்டது. யாரும் எதுவும் பேசவில்லை. முந்தைய நாள் அடித்த வரிசையையும் சோதிக்க வேண்டியதாயிற்று. அதில் பதினொன்று தேறவில்லை. இரண்டு நாளில் அதன்மேல் கான்கிரீட் போட இருந்தார்கள்.

ஒரு சுவாரஸ்யமான விஷயம்: சோதனையில் வளைந்து, விரிசல் விடாமல் நிற்கிற ஸ்டட்டை நிமிர்த்தத் தேவையில்லை. வளைந்தபடியே கான்கிரீட்டுக்குள் போகலாம். அது தேறிவிட்ட ஸ்டட்.

நின்றபடி அடிக்கலாமே?

தரம் சரியானதும் மறுவேலை குறைந்தது. ஆனா அந்த 1,500 குனிவு அப்படியேதான் இருந்தது.

இந்த வேலையை ஃபேக்டரியிலேயே, மேஜை உயரத்தில் பீமை வைத்து முடித்துவிட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனா அதில் வேறு ஆபத்து. உயரத்தில் பீமின்மேல் நடக்கிறவருக்கு, வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் கால் தடுக்கும். அதனால்தான் அமெரிக்காவில் ஓஷா என்கிற தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 2001-இல் வெளியிட்ட விதியில், தகரத் தளமோ நடக்கிற மேடையோ போட்ட பிறகுதான் பீமில் ஸ்டட் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டது. விழுந்து சாவதைத் தடுத்த நல்ல விதி. ஆனா அதன் விளைவாக வேலை சைட்டுக்கே, காலடி உயரத்துக்கே வந்தது. ஒரு ஆபத்தைத் தீர்த்தால் அதன் பாரம் இன்னொரு இடத்தில் வந்து உட்காருகிறது, பாருங்க.

இதற்கும் கருவி இருக்கிறது. கன்னுக்கு நீளக் கைப்பிடி வைத்து, நின்றபடியே அடிக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். அயோவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இரும்புத் தொழிலாளர்களிடமே இரண்டு வகையையும் கொடுத்து, முதுகு எவ்வளவு வளைகிறது, தசை எவ்வளவு உழைக்கிறது என்று அளந்து 2011-இல் வெளியிட்டார்கள். நின்று அடிக்கிற கருவியில் குனிவும் இடுப்புத் தசையின் சுமையும் குறைந்தன. புதிய இன்வெர்ட்டர் மெஷின்களும் உதவும். சில நூறு கிலோ எடையுள்ள பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினை நகர்த்த முடியாமல்தான் கேபிளை நீட்டினார்கள். லேசான மெஷின் என்றால் வேலை நடக்கிற இடத்துக்கே தள்ளிக்கொண்டு போகலாம்.

ஆனா வாங்குவதற்கு முன்னால் அடிக்கிறவர் கையில் கொடுத்துப் பாருங்க. நீளக் கைப்பிடி முதுகைக் காப்பாற்றிவிட்டுத் தோளில் பாரத்தை ஏற்றலாம். குறுகலான இடத்தில் இடிக்கலாம். அதை எந்த கேட்டலாக்கும் சொல்லாது, ஒரு ஷிஃப்ட் வேலை செய்தவர் சொல்வார்.

என் ரிப்போர்ட்டில் "புது மெஷின் வேண்டாம், நின்று அடிக்கிற கைப்பிடியும் ஃபெரூல் உடைக்க நீளக் கம்பும் வேண்டும்" என்று எழுதினேன். நீளக் கம்பு மட்டும் கிடைத்தது, அதுவும் சைட் ஃபேப்ரிகேட்டர் கம்பி வெட்டிச் செய்து கொடுத்தது. 1,500 குனிவு 1,000 ஆனது. கைப்பிடிக்கு பட்ஜெட் இல்லை என்றார்கள். நானும் மறுபடி கேட்கவில்லை. வேலை மாறிப் போய்விட்டேன். அந்த அண்ணன் அதே கன்னோடு அங்கேயேதான் இருந்தார். இந்த எபிசோடைப் பேச எனக்கு இத்தனை வருஷம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்பவர்களில் சிவில், மெக்கானிக்கல் படிச்சவங்க, சைட்டில் இருக்கிறவங்க நிறையப் பேர் இருப்பீங்க. நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம், மெஷினை விட்டுவிட்டு ஆளைப் பாருங்க. எத்தனை தடவை குனிகிறார் என்று மட்டும் எண்ணுங்க. அந்த எண்ணை அவரிடமே காட்டி, "அண்ணே, இதுல எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்க. அவர் பல வருஷமாக அதற்குப் பதிலை வைத்துக்கொண்டிருப்பார். கேட்டதோடு விட்டுவிடாமல், இரண்டாவது தடவையும் போய் பட்ஜெட் கேளுங்க. நான் செய்யாமல் விட்டது அதுதான்.