பாட்டி வளர்த்த மாடு

மலேசியாவின் டெங்கிலில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த பாட்டிமார் பலர், புத்ராஜெயா எழும்புமுன் அந்த மண்ணில் பால்மரம் சீவியவர்கள். பிராங் பெசார், செட்ஜ்லி, காலவே, மெடிங்லி என நான்கு தோட்டங்கள். தோட்டத்தில் மாடு வைத்திருந்த பெண்ணுக்கு விடியுமுன்பே பொழுது தொடங்கிவிடும். பால் கறந்து, போத்தலில் ஊற்றி, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடவே கொடுத்துவிட்டு, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடுவார். அடுக்குமாடியில் மாட்டை எங்கே கட்டுவது? அந்த வாழ்க்கை தோட்டத்து லயன் வீடுகளோடு போயிற்று.

இவர்களை நினைத்தால் எனக்குக் கோயம்புத்தூர் தேக்கம்பட்டி பாப்பம்மாள் நினைவுக்கு வருகிறார். 1914-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். மளிகைக் கடை நடத்திச் சேர்த்த காசில் 10 ஏக்கர் வாங்கினார். கடைசிக் காலத்தில் மிச்சமிருந்தது இரண்டரை ஏக்கர். அதில் இயற்கை வேளாண்மை. ஊராட்சி உறுப்பினராகவும் காரமடை ஒன்றியக் கவுன்சிலராகவும் ஊருக்கு உழைத்தார். நூறு வயதைத் தாண்டியும் வயலில் இறங்கிய கால்கள் அவை! 2021-இல் பத்மஸ்ரீ விருது. 2024 செப்டம்பரில் காலமானார்.

அவருடைய கதை பதிவாகிவிட்டது. நம் தோட்டத்துப் பாட்டிமார் கதை இன்னும் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கிறது. இன்று மாலை உங்கள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க வளர்த்த மாட்டுக்கு என்ன பேரு பாட்டி?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.