பாட்டி போன ஊர்

குளிர்காலத்தில் மெக்சிகோவுக்கு இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். ஒருவர் முப்பது டன். இன்னொருவர் அரை கிராம்.

பெரியவர் சாம்பல் திமிங்கிலம். கோடையில் ஆர்க்டிக் கடலில் வயிறு நிறையத் தின்றுவிட்டு, பசிபிக் கரையோரமாகவே நீந்தி வந்து, பாஹா கலிபோர்னியாவின் உப்பங்கழிகளில் குட்டி போடும். அதற்கு வழி தெரியும். முன்பு வந்த வழிதான்.

சின்னவர் மொனார்க் வண்ணத்துப்பூச்சி. கனடாவிலிருந்து பறந்து மிச்சோவகான் மலைக்காட்டில் இறங்கும். இதற்கு வழிகாட்ட ஆளே இல்லை! போன குளிருக்கு அங்கே தங்கியது இதன் பாட்டி, அல்லது கொள்ளுப்பாட்டி. பாட்டி ஊரையே பார்க்காத பேத்தி, யாரையும் கேட்காமல் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிற மாதிரி. சூரியன்தான் அதற்குத் திசை காட்டுகிறது.

வேட்டையைத் தடுத்ததும் திமிங்கிலம் பெருகியது. 1994இல் அமெரிக்காவின் அழியும் உயிர்கள் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. சின்னவருக்கு இப்போது ஆபத்து. மொனார்க் புழு ஒரே வகைச் செடியைத்தான் தின்னும். நம் எருக்குக்குச் சொந்தக்காரச் செடி அது. வயல்களில் களைக்கொல்லி அடிக்க அடிக்க அந்தச் செடி குறைகிறது. செடி இல்லையென்றால் புழு இல்லை.

நம் ஊர் எருக்கிலும் மொனார்க்கின் உறவுக்கார வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிடுகிறது. வேலியோரம் நிற்கும் எருக்கை வெட்டாமல் விடுங்கள்.