ஹார்ட் டாப் வண்டியும் ஐப்பசி மழையும்

மானாம்பதியில் கார், ஜீப்புக்கு டிங்கர் வேலை பார்க்கிறவன் நான். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லா வண்டியைப் பற்றியும் பேச நேரம் போதாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற தம்பிமார்கள் இப்போது ஆசை ஆசையாய் விசாரிக்கிற ஒரு ரகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கூரையைக் கழற்றி மாட்டுகிற வண்டி, அதிலும் ஹார்ட் டாப், அதாவது துணி இல்லாத கெட்டிக் கூரை போட்டது.

ஈ.சி.ஆரில் பட்டனை அழுத்தினதும் கூரை மடிந்து டிக்கிக்குள் போகிற கார்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 1957-லேயே ஃபோர்ட் ஸ்கைலைனர் அப்படி வந்தது. 1959-உடன் நிறுத்திவிட்டார்கள். 1996-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. தான் அதைப் பரவலாக்கியது. அந்த மாதிரி பழைய கார் மலிவாய் வருகிறது என்று யாராவது சொன்னால், கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர் சீல், சென்சார் இதையெல்லாம் முதலில் கேளுங்கள். சீல் போனால் ஓட்டுகிறவர் தலையிலேயே எண்ணெய் சொட்டலாம். ஒரு சென்சார் போனால் கூரை பாதி வழியில் நிற்கும். அது நம் ஊர் ஷெட்டில் ஆகிற வேலை இல்லை, அதனால் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

நம் பக்கம் கைமாறுவது ஜிப்சியும் தாரும் பழைய மகேந்திரா ஜீப்பும்தான். ஜிப்சி 1985 கடைசியில் வந்து 2019 வரைக்கும் விற்ற வண்டி. ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கியதால் இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது. தார் 2010-ல் வந்தபோது கம்பெனி கொடுத்தது துணி ஹூட்தான். ஃபைபர் ஹார்ட் டாப் எல்லாம் வெளிக்கடையில் போட்டது. 2020-ல் வந்த புதுத் தாருக்குத்தான் கம்பெனியே ஹார்ட் டாப் கொடுத்தது. அந்த வண்டி உருவானது நம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகேந்திரா சிட்டி ஆராய்ச்சி மையத்தில்.

இஞ்சினைப் பார்க்க ஆள் கூட்டிக்கொண்டு போவீர்கள், எனக்குத் தெரியும். புகை வருகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்ப்பீர்கள். பாருங்கள், தப்பில்லை. ஆனால் இந்த ரக வண்டியில் காசைத் தின்பது தண்ணீர். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஒரு தம்பி சித்திரை மாதம் ஜீப் வாங்கினார். வெளியே போட்ட ஃபைபர் கூரை, பளபளவென்று பெயிண்ட், உள்ளே புது ரப்பர் மேட். கார்த்திகையில் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். “அண்ணே, மேட்டுதான் நாறுது, வேற ஒண்ணும் இல்ல” என்றார். மேட்டைத் தூக்கி அடித்தகட்டில் ஸ்குரு டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கிவிட்டது. துருவின் மேல் பட்டி பார்த்து, அதன் மேல் பெயிண்ட் அடித்து, அதன் மேல் மேட் போட்டிருந்தார்கள். அந்தத் தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் வைத்து, சேஸிஸுக்குத் துரு மருந்து அடித்து முடிக்கிற வரை அவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்.

தண்ணீர் எங்கே இறங்கியது தெரியுமா? கூரையில் ஓட்டை ஒன்றும் இல்லை. முன் கண்ணாடிச் சட்டமும் கூரையும் சேருகிற இடத்தில் இருந்த ரப்பர் பீடிங் வெயிலில் காய்ந்து கட்டையாகிவிட்டது. அங்கே புகுந்த தண்ணீர் தூணுக்குள்ளேயே இறங்கி, மேட்டுக்கு அடியில் போய்த் தேங்கிவிட்டது. சொட்டுச் சொட்டாய் மடியில் விழுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் இறங்குவதுதான் ஆபத்து.

இன்னொருவர், ஓய்வுபெற்ற வாத்தியார். அவருடைய வண்டிக்குப் பீடிங் மாற்றி மாற்றி வெறுத்துப்போய் வந்தார். கூரையின் போல்ட்டை ஒரு பக்கம் இறுக்கி ஒரு பக்கம் விட்டிருந்தார்கள். கூரை கோணலாய் உட்கார்ந்தால் பீடிங் என்ன செய்யும் பாவம்? அது மட்டுமில்லை, கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் நெல் தூசியும் மண்ணும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. மேலே எத்தனை பூசினாலும் வடிகால் அடைத்தால் தூர் வாராத ஏரி கதைதான். “ஏரியைக் கவனிக்க ஒரு வாரியமே வச்சிருந்தாங்கப்பா நம்ம உத்திரமேரூர்ல, பராந்தகன் காலக் கல்வெட்டுல இருக்கு. என் வண்டிக்குத்தான் ஆள் இல்லாமப் போச்சு” என்று வாத்தியாரே சிரித்தார்.

சரி, நீங்களே எப்படிப் பார்ப்பது? கையில் ஒரு காந்தமும் ஒரு பத்து ரூபாய் நோட்டும் போதும். காந்தத்தைத் துணியில் சுற்றி, சக்கரத்துக்கு மேலே, கதவுக்குக் கீழே, அடித்தகட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி இருக்கிறது. ஃபைபர் கூரையில் வைத்துவிட்டு ஒட்டவில்லையே என்று பதறாதீர்கள், அதில் ஒட்டாது. நோட்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பீடிங் பிடிக்கவில்லை. வண்டிக்காரர் சம்மதித்தால் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடியுங்கள். கீழிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரை மேல் அடித்தால் எல்லா இடமும் நனையும், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கட்டும். கூரை போல்ட்டுகளைச் சுற்றி ஃபைபரில் விரிசல் இருக்கிறதா என்றும் அவரே தடவிப் பார்த்துவிடட்டும்.

கடிகாரம் ஓடுகிறது. செலவுக் கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிப்சி லிட்டருக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தரும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலே பத்தாயிரம் ரூபாய் பக்கம். இன்சூரன்ஸ், அதாவது தேர்ட் பார்ட்டி மட்டும், 2022-ல் வைத்த விலைப்படி 1,500 சி.சி.க்கு மேல் உள்ள தாருக்கு 7,897 ரூபாய், 1,298 சி.சி. ஜிப்சிக்கு 3,416 ரூபாய், வரி தனி. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000. வண்டி 20 வருஷம் தாண்டியிருந்தால் 2025-லிருந்து 10,000. பசுமை வரி வேறு. டெல்லி வண்டி மலிவு என்று புரோக்கர் சொன்னால், என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று இருக்கிறதா, இங்கே மறுபடி கட்டுகிற வரி எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

முக்கியமாக ஒன்று. துணி ஹூட் வண்டியாகப் பதிவானதில் வெளிக்கடை ஹார்ட் டாப் ஏறியிருந்தால், அது ஆர்.சி.யில் இருக்கிறதா என்று காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இஷ்டத்துக்கு வண்டியை மாற்ற விடாது. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது.

வெயில் காலத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் நேயர்களே. கொஞ்சம் பொறுத்திருந்து, ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய் வண்டியைப் பாருங்கள். மேட்டைத் தூக்க விடாதவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.