மனைக்கேற்ற மரம்



வீடு கட்டி, கிரகப்பிரவேசம் முடிந்ததும் நர்சரிக்குப் போய் நாலு கன்று வாங்கிவந்து காம்பவுண்டு ஓரமாக வைப்பது நம் ஊர்ப் பக்கம் இன்றும் இருக்கிற நல்ல பழக்கம். ஆனால் எந்தக் கன்றை வாங்குவது என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பூத்து நிற்பதை வாங்குகிறோம். இல்லாவிட்டால் சீக்கிரம் நிழல் தரும் என்று சொல்லப்படுவதை வாங்குகிறோம். மரம் வளர்ப்பதைப் போலவே மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கலை. அது நம் முன்னோருக்குக் கைவந்திருந்தது. நாம்தான் அதைக் கொஞ்சம் கைநழுவ விட்டுவிட்டோம்.

அதன் விளைவை 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயல் காட்டியது. மறுநாள் தெருத்தெருவாகத் தூங்குமூஞ்சி மரங்களும் குல்மோகர்களும் பெருங்கொன்றைகளும் வேரோடு சாய்ந்து கிடந்தன. குல்மோகரின் பூர்வீகம் மடகாஸ்கர். தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்து மரம். இரண்டும் விறுவிறுவென்று வளர்ந்து குடை விரிக்கும். வேரோ மண்ணின் மேல்மட்டத்திலேயே பரவும். அதைச் சுற்றிலும் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டால் பிடிமானம் இன்னும் குறைந்துவிடும். பரந்த மைதானத்திலோ பெரிய பூங்காவிலோ இவை அழகான மரங்கள்தான். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியில் வைக்கத்தக்கவை அல்ல.

முன்னோரின் தேர்வைப் பாருங்கள்: சென்னை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலவிருட்சம் புன்னை. கடற்கரை ஊருக்கு அதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்காது. உப்புக் காற்றைத் தாங்கும். மணற்பாங்கான நிலத்திலும் வேர் பிடிக்கும். தடித்த, பளபளப்பான இலை வருடம் முழுவதும் நிழல் தரும். அதன் கொட்டையில் எடுத்த எண்ணெயில் விளக்கு எரித்திருக்கிறார்கள். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். மெதுவாக வளரும் மரத்துக்குப் பெரும்பாலும் கட்டை உறுதியாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுற்றிலும் இருபதடி இடம் விட முடிகிறவர்கள் புன்னை, வேம்பு, புங்கம், பூவரசு ஆகியவற்றில் ஒன்றை வைக்கலாம். வீட்டுக்கு மேற்கே வைத்தால் பிற்பகல் வெயில் சுவரில் ஏறாது. புங்கம் இலையை உதிர்த்துவிட்டுக் கோடை தொடங்கும்போது இளம்பச்சையாகத் தளிர்க்கும். நிழல் தேவைப்படும் நாளில் நிழல் தயாராக இருக்கும். பூவரசின் பூ மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது செம்மை ஏறும். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத கிராமத்துப் பிள்ளை உண்டா? பூவரசைக் கிளையை வெட்டிப் போத்தாக நடுவது வழக்கம். ஆனால் போத்துக்கு ஆணிவேர் இறங்காது. புயல் வரும் ஊர்களில் விதையிலிருந்து வளர்ந்த கன்றை வைப்பதே நல்லது.

அரை கிரவுண்ட் மனையில் வீடு போக மூன்று நாலு அடிதான் மிஞ்சும். அங்கே பெரிய மரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, பவளமல்லி ஆகியவை அந்த இடத்துக்கு அடங்கி வளரும். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் நெல்லியும் கொய்யாவும் வைக்கலாம். முருங்கை பயனுள்ள மரம். ஆனால் கிளை எளிதில் முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையும். வாசலை விட்டுக் கொல்லையில் ஒரு மூலையில் வைத்து, அவ்வப்போது ஒடித்துவிட வேண்டும். தென்னையின் மட்டையும் காயும் விழும் வட்டத்துக்குள் ஆள் நடக்கும் பாதையோ ஓட்டுக் கூரையோ இருக்கக் கூடாது. ஆலும் அரசும் குளக்கரைக்கும் கோயிலுக்கும் உரியவை. வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதற்கு, சுவரைப் பிளக்கும் அவற்றின் வேரே போதுமான காரணம்.

நர்சரியில் உயரமான கன்றைக் கண்டு மயங்காதீர்கள். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் பையைப் பொத்துக்கொண்டு வெளியே வந்து சுருண்டிருந்தால் அந்தக் கன்று பைக்குள் அதிக நாள் இருந்துவிட்டது என்று பொருள். சுருண்ட வேர் நட்ட பிறகும் சுருண்டே வளரும். மரத்துக்குப் பிடிமானம் தராது. குட்டையாக, தண்டு திடமாக, இலை பழுதில்லாமல் இருக்கிற கன்றே நல்ல கன்று. மாவில் ஒட்டுக்கன்று வாங்கினால், ஒட்டுப்போட்ட இடம் நன்றாகக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். நடும்போது அந்த இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பது வேர்க்கன்றின் துளிர். உடனே கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் விரும்பி வாங்கிய ரகத்தை அது அமுக்கிவிடும். முதல் இரண்டு மூன்று வருடம் வரும் பூங்கொத்தையும் கிள்ளிவிட்டால் மரம் வலுப்பெறும்.

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் ஊர்களில் புரட்டாசி நடவு சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் இறங்கிவிடும். அதன்பின் இரண்டு கோடைக்காவது தண்ணீர் ஊற்றும் பொறுப்பு நம்முடையது.

கன்று வாங்கப் புறப்படும் முன் ஒரு டேப்பை எடுத்து மனையை அளந்துவிடுங்கள். மேலே மின்கம்பி எங்கே போகிறது, கீழே செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, பக்கத்து வீட்டுச் சுவர் எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்து அந்த மரம் எவ்வளவு பெரிதாக நிற்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பணம் கொடுங்கள். இடம் பார்க்காமல் வைத்த பத்து மரத்தை வெட்டுவதைவிட, இடம் பார்த்து வைத்த ஒரு மரத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது மேல். வரும் புரட்டாசியில் அப்படி ஒரு மரம் வையுங்கள்.